அங்குலத்துக்கு எட்டு

ஏழு மாதமாய் நான் விழவில்லை.
இதை முதலில் எழுதிவிட வேண்டும்.
மற்றதெல்லாம் புகார் போலக் கேட்கும்.

ஆம்பூரில், பைபாஸை ஒட்டிய கம்பெனியில்
மேல்தோல் செக்கிங் என் வேலை.
அங்குலத்துக்கு எட்டுத் தையல்.
ஏழு வந்தால் சிவப்பு ஸ்டிக்கர்,
ஒன்பது வந்தாலும் சிவப்பு.
முன்பெல்லாம் எண்ணவே மாட்டேன்.
தப்பு, ரசத்தில் கிடக்கும் முடி மாதிரி
தானே வந்து கண்ணில் நிற்கும்.

இப்போது கண் முன்னால் போய்விடுகிறது.
காட்பாடியில் வண்டியை விட்டுவிட்டு
அடுத்த பாசஞ்சரில் வருகிறவளைப் போல
நான் பின்னால் போய்ச் சேர்கிறேன்.

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்றரை.
பாதி உடைக்கும்போது விரலில் ஒட்டும் தூள்
மறுநாள் பல் தேய்க்கும்வரை கசக்கும்.
மூன்றாவது வாரம் பன்னீர் சோடா செத்துப்போனது.
மூடி திறந்ததும் சீறத்தான் செய்தது;
நாக்குக்கு வந்தது வெறும் இனிப்புத் தண்ணீர்.
கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.
பாவம், மூன்று பாட்டில் திறந்து காட்டினார்.

அப்புறம் சொற்கள்.
ஞாயிற்றுக்கிழமை கூடைக்காரி முன்னால் நின்று
"அது... காம்புல முள்ளு இருக்கும், கோடு கோடா,
பிரியாணி கூட வைப்பாங்களே" என்கிறேன்.
"கத்திரிக்காய்க்கா இம்மாம் பெரிய விடுகதை?"
இலவம்பாடிக்காரி சிரித்தபடி
எடைக்கு மேலே இரண்டு போட்டாள்.
நானும்தான் சிரித்தேன்.
வீடு வரும்வரை கத்திரிக்காய் கத்திரிக்காய் என்று
முந்தானையில் முடிந்த சில்லறையைத் தடவுவதுபோல்
அந்தச் சொல்லைத் தடவிக்கொண்டே வந்தேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில், நாலாவது மாடியில்
ஒரு பெண் தாளொன்றை நீட்டினாள்.
தாள் முழுக்க எழுத்து.
"ப இருக்கிற இடமெல்லாம் அடிங்கம்மா."
அடித்தேன். பென்சிலை நேராக வைத்தேன்.
ஒன்றுகூட விடவில்லை என்று நினைப்பு.
அவள் பச்சைப் பேனாவில் வட்டம் போடத் தொடங்கினாள்.
முதல் மூன்று வரியில் ஒன்றுமில்லை.
கீழே போகப் போக
கிணற்றில் கல் விழுந்ததுபோல் வட்டங்கள். பதினான்கு.
பதினான்கு ப-வும் என் எதிரேதான் உட்கார்ந்திருந்தன.
"கண்ணுல குறை இல்லீங்க" என்றாள்.
அதைக் கேட்டு எதற்கு அழுதேன் தெரியவில்லை.

டாக்டர் சொன்னார்: "டோஸைக் குறைக்கலாம். ஆனா..."
அந்த ஆனாவை எனக்குத் தெரியும்.
பிரஸ் மெஷினுக்கு இரண்டடி தள்ளி
கண் திறந்தால் வாயில் ரத்தம்,
உள்ளங்கையில் யாரோ திணித்த சாவிக்கொத்து,
நனைந்த பாவாடைமேல்
ஷாகிரா உதறிப் போட்ட துப்பட்டா,
சுற்றிலும் நாற்பது ஜோடிக் கண்கள்,
எதையுமே தவறவிடாத கண்கள்.

"இதே இருக்கட்டும் சார்" என்றேன்.
வேறு ஏதோ கேட்க இருந்தது.
படிக்கட்டில் பாதி இறங்கியும் வரவில்லை.

இப்போது விரலை வைத்துத் தையலைத் தடவுகிறேன்.
விரல் நுனியிலும் எறும்பு ஊர்கிறது,
அதுவும் மாத்திரையின் வேலைதானாம்.
நேற்று என் மேசை தாண்டிப் போன ஒரு இடது காலை
ஷாகிரா பேசாமல் என் தட்டில் திருப்பி வைத்தாள்.
ஸ்டிக்கர் ஒட்டவில்லை.
"சலோமி, டீ ஆறிப்போவுது" என்று மட்டும் சொன்னாள்.

எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு,
இந்த டியூப்லைட்டை எப்போது மாற்றினார்கள்,
ஒன்று.