சின்ன ர, பெரிய ற

மண்ணடியில் இரண்டாவது மாடி.
ஏசி சொட்டுகிற வாளியைக் காலால் நகர்த்திவிட்டுக் கேட்டேன்:
"உம்ராவுக்கு எந்த ரா போடட்டும்?
போன வாரம் ஒரு டிராவல்ஸ்காரர்
பெரிய றாதான் சரியென்று
இருபதடி ஃபிளெக்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்."

"அரபியில இருக்கிறதே ஒரு ராதான்பா.
எதுக்குக் காசு கம்மியோ அதைப் போடு"
என்றார் ரமீலா பானு.

நாற்பது பிரதிகள், தபால் அட்டை அளவு.
வீடு வீடாய்ப் போய்ப் பயணம் சொல்ல
முழங்கால் விடாதாம்.
இன்ஷா அல்லாஹ் உம்ரா புறப்படுகிறேன்,
அறிந்தோ அறியாமலோ மனம் நோகச் செய்திருந்தால்
பொருத்தருள வேண்டும் என்று
அடித்து, ப்ரூஃப் எடுத்து நீட்டினேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தாளை மூக்கருகே கொண்டுபோனார்.
"இங்கதான் பெரிய ற வேணும்."
நகத்தால் ஒரு கீறல்.
திருத்தினேன்.

மெஷின் சூடாகும் வரை
ஏதாவது பேச வேண்டுமே:
"உம்ரான்னா என்னம்மா அர்த்தம்?"

"சின்ன ஹஜ்ஜும்பாங்க.
சொல்லுக்கு அர்த்தம்னா,
போய்ப் பாக்குறது. அவ்ளோதான்."

லேமினேஷனில் இருந்த குத்பு பாய்
தலை நிமிராமல் சொன்னார்:
"எங்க உருதுல உமர்னா வயசு.
இமாரத்துன்னா கட்டடம்.
எல்லாம் ஒரே வேரு.
ஆள் பொழங்குற எடம்னு வச்சுக்க.
பூட்டிக் கிடக்கிற வீட்டை
யாரு போய்ப் பாப்பா?"

சூடான பிளாஸ்டிக்கில்
யாருடைய ஆதார் கார்டோ வெளியே வந்தது.

முகவரிகளை அவர் சொல்லச் சொல்ல
உறைகளில் எழுதினேன்.
முப்பத்தொன்பது கடகடவென்று வந்தன,
தெரு, சந்து, மசூதிக்கு எதிர்ப்புறம் என்று.
நாற்பதாவது:
கமருன்னிசா, வியாசர்பாடி.

"கதவு எண்?"

"மாறிட்டாளோ என்னமோ.
பதினொரு வருஷம் ஆச்சு."

ஹஜ்ஜுக்கு மாதமும் நாளும் உண்டு.
உம்ராவுக்கு அப்படியில்லை,
வருஷம் முழுக்க எப்போதும் போகலாம்,
அதனால்தான் எங்களுக்கு
ஆடியிலும் ஃபிளெக்ஸ் வேலை ஓடுகிறது.
பிராட்வேயில் பஸ் ஏறினால்
வியாசர்பாடி முக்கால் மணி நேரம்.
மழையென்றால், சுரங்கப்பாதையில் தண்ணீரென்றால்
ஒன்றரை.
இதை நான் சொல்லவில்லை.
கூரியருக்கு அறுபது ரூபாய் ஆகும்,
கதவு எண் இல்லாமல் எடுக்கமாட்டார்கள்
என்று மட்டும் சொன்னேன்.

காசை எண்ணி வைத்தார்.
மேசைமேல் இருந்த தாள்களையெல்லாம்
ஒன்றாய் அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு
படியில் பக்கவாட்டாக இறங்கினார்.

எட்டு நாள் கழித்து
குடை சொட்டச் சொட்ட வந்தார்.
பாஸ்போர்ட் ஜெராக்ஸ் வேண்டுமாம்.
நாலாய் மடித்த ஒரு தாளை
மேசையில் வைத்தார்.
"இது மிச்சம்."

"அவங்களுக்குக் கொடுக்கலையா?"

"வாங்கலை.
'நீயே வந்துட்ட, பேப்பர் எதுக்கு'ன்னுட்டா."
கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்தார்.
"வேற ஒண்ணும் பேசலை.
டீ கொடுத்தா. சக்கரை தூக்கல்.
நான் சக்கரை விட்டு நாலு வருஷம் ஆகுது,
அவளுக்கு எப்படித் தெரியும்?
குடிச்சேன்."

தாளைப் பிரித்தேன்.
ஓரத்தில் வட்டமாய் டீக்கறை.
நடுவில் நகக்கீறல்.
முதல் ப்ரூஃப், திருத்தாதது.
பொருத்து என்றே இருந்தது,
சின்ன ருவில்.

"தப்பானதை எடுத்துட்டுப் போயிட்டீங்கம்மா"
என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ரெண்டு காப்பி" என்றார்,
"கலர்ல போடு.
முகம் தெரியணும்."