பன்னிரண்டு படங்கள்

சாரெமா தீவு. ஜனவரி.
பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு.
தொலைநோக்கியின் கழுத்தில் மாரிகாவின் பழைய கம்பளிக் காலுறை,
வில்லையில் பனி படியாமலிருக்க
உள்ளே ஒரு சூட்டுப் பட்டி.

மூன்று நிமிடத்துக்கு ஒரு படம்.
ரோஜா நெபுலா என்று பெயர்தான்;
திரையில் வருவது
திரிந்த பால்.

ஒவ்வொன்றின் ஓரத்திலும்
வாம்போலா வீட்டு முற்றத்து விளக்கு,
ஆரஞ்சாய்க் கசிந்தபடி.
வேலித் தகராறில் இரண்டு வருடமாகப் பேச்சில்லை.
அணைக்கச் சொல்லி
எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

பதினோரு மணிக்கு அது அணைந்தது.
மின்தடையோ என்று திரும்பினேன்.
என் சமையலறையில்தான் வெளிச்சம்,
அசட்டுத்தனமாக.

இருட்டில் அவன் வாளியில் இடறினான்.
அது உருண்டு, உருண்டு,
வேலியில் முட்டி நின்றது.
அவனும் திட்டவில்லை.
நான் ஓடிப்போய் என் விளக்கை அணைத்தேன்.

விடியலில் எல்லாவற்றையும் அடுக்கும்போது
மென்பொருள் கேட்டது:
முதல் பன்னிரண்டை நீக்கவா?
நீக்கு.
சிவப்பு
மெதுவாக,
காயம் உலர்வது பின்னோக்கி நடப்பதுபோல் வந்தது.

வெளியே பனியில் வாளி கிடந்தது.
வேலிக்கு எந்தப் பக்கம் என்று
நான் பார்க்கவில்லை.