மெழுகுதான்

"முகத்துக்கு ஏதாவது கிரீம் போடுகிறீர்களா?"
என்று கேட்டாள் யஸ்னா.
இல்லை என்றேன்.

மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது அது.
விரல் நீளக் குழாய், ஆறு வாரமாய் ராத்திரி ராத்திரி.
சுருக்கம் போக்கும் என்று போட்டிருந்தது.
நாற்பத்தேழு வயதில் இதை வாங்கினேன் என்று
இந்த ஊரில் ஒருத்தியிடம் சொன்னால் போதும்,
படகுக்கு முன்னால் சேதி அக்கரை சேர்ந்துவிடும்.

மெழுகு இளஞ்சூடாகத்தான் இருந்தது.
துணியை அழுத்தினாள். மூச்சை விடச் சொன்னாள்.
இழுத்தாள்.
முடியோடு தோலும் போயிற்று
வெங்காயத்தின் உள்சருகு போல,
சத்தமே இல்லாமல்.
யஸ்னாவின் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"கிரீம் எதுவும் இல்லைதானே?"
"இல்லை."
காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.
புருவத்தைவிட அதுதான் எரிந்தது.

புந்தா அரேனாஸில் காற்று கேட்டுக்கொண்டு வராது.
சில நாள் மூலையில் கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான்
தெருவைக் கடக்கிறோம்.
வெயில் இங்கே குளிர்ந்துகொண்டே சுடும்.
முதல் நாள் சிவப்பு.
மறுநாள் தேன் நிறத்தில் நீர் கசிந்தது.
மூன்றாம் நாள் இடது புருவத்தின் மேல்
கட்டைவிரல் அகலத்துக்குப் பொருக்கு,
வலது பக்கம் கடுகு கடுகாய்க் கொப்புளம்.
தொப்பியை இறக்கிக்கொண்டு
சீட்டுக் கொடுக்கும் கூண்டில் உட்கார்ந்தேன்.

போர்வெனீர் போகும் படகுக்குச் சீட்டு.
போர்வெனீர் என்றால் வருங்காலம்.
எங்களுக்கு அது வெறும் அக்கரை,
ஆடுகள், கடற்பாசி நாற்றம், யாராவது ஒரு மச்சான்.

"யார் அடித்தது, தனித்சா?"
லாரிக்காரர் நிபால்தோ கேட்டார்.
மெழுகு என்றேன்.
"மெழுகா" என்று மீதிச் சில்லறையை
மெதுவாக எண்ணினார்.
அஞ்சல்காரர். மீன் ஆய்கிற இரண்டு பெண்கள்.
மெழுகு, மெழுகு, மெழுகு.
சொல்லச் சொல்ல எனக்கே அது
பொய் மாதிரி கேட்டது.

ஒவிதியோ அன்று ரொட்டி வாங்கப் போய்
வெறுங்கையோடு வந்தான்.
கடையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.
ஒன்றுமே சொல்லவில்லையாம்.
இருபத்திரண்டு வருடத்தில் அவன் உடைத்தது
இரண்டு கோப்பை.
அதில் ஒன்று நான் உடைத்தது.

வியாழக்கிழமை மேகம் கட்டியிருந்தது.
கறுப்புக் கண்ணாடி போட்டு ஒருத்தி வந்தாள்,
கையில் ஒரு பையன்,
அவன் கையில் பள்ளிக்கூடப் பை,
பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாரம் இல்லை அது.
"ஒரு பெரியவர், ஒரு சிறியவர்."
"போய் வரவா?"
"போக."

அவள் என் நெற்றியைப் பார்த்தாள்.
கேட்கும் முன்பே, பழக்க தோஷம்,
"மெழுகு" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள்.
கண்ணாடியை ஒரு விரற்கடை தூக்கினாள்.
ஓரத்தில் மஞ்சள், உள்ளே ஊதா.
"எனக்கும் மெழுகுதான்" என்றாள்.
பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

சிறியவர் சீட்டுக்குக் காசு வாங்கவில்லை நான்.
அவளுக்கு அது எரிந்திருக்குமோ என்று
படகு ஊதிய பிறகுதான் தோன்றியது.

கூண்டை அடைத்துவிட்டு யஸ்னாவைக் கூப்பிட்டேன்.
"போட்டேன். மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது."
அந்தப் பக்கம் உலர்த்தியின் இரைச்சல்,
யாரோ ஒருத்தியின் ஈரத் தலை.
"எத்தனை நாளாய்?"
"ஆறு வாரம்."
"பதினைந்து நாளாய் நான் தூங்கவில்லை, தெரியுமா?
கை நடுங்குகிறது. மெழுகை இரண்டு தடவை மாற்றிவிட்டேன்."

தெரியாது என்றேன்.
அது நிஜம்.

பொருக்கு உதிர்ந்த இடத்தில்
இன்னும் இளஞ்சிவப்பு.
முடி ஒரு பக்கம் மட்டும் முளைக்கிறது,
ஏதோ கேட்க வந்து நின்ற முகம் போல.