முன்னூற்று ஐம்பத்தொன்று

காரைக்குடி, செக்காலை ரோடு.
செல்போன் கடைக்கு மேல்மாடி.
கல்லூரியின் ஏபிஐ ஒரு தடவைக்கு
ஐம்பது பாடம்தான் தரும்.
அவசரப்பட்டால்
நானூற்று இருபத்தொன்பது என்று கதவைச் சாத்தும்.

ஆகவே எழுதினேன்:
ஐம்பது வாங்கு. ஒரு நொடி தூங்கு.
இன்னும் உண்டா என்று கேள்.
இல்லை என்னும்வரை போ.

இருபத்தைந்தாம் பக்கத்தில் ஐந்தே பாடம்.
ஆயிரத்து இருநூற்று ஐந்து.
அங்கேயும் அதுவே, இங்கேயும் அதுவே.
கீழே இறங்கி, வெயிலில் நின்று, இரண்டு டீ குடித்தேன்.

தேர்வுப் பிரிவிலிருந்து சிகப்பி போன் செய்தாள்:
"நுண்ணுயிரியல் ஆய்வகம் எங்க சார்?
அறுபத்திரண்டு பிள்ளைக்கு ஹால் டிக்கெட் வரல.
நான் காலையில அழிச்ச பிரெஞ்சுப் பாடம்
உங்க லிஸ்ட்ல உக்காந்திருக்கு."

எத்தனை மணிக்கு அழித்தீர்கள் என்றேன்.
பத்து பதினேழு.
என் நிரல் அப்போது
ஏழாம் பக்கம் முடித்து
ஒரு நொடி தூங்கிக்கொண்டிருந்தது.

முன்னால் ஒருவர் எழுந்துபோக
எல்லோரும் ஓரடி நகர்ந்திருக்கிறார்கள்.
முன்னூற்று ஐம்பத்தொன்று
முன்னூற்று ஐம்பதாகி
நான் பார்த்து முடித்த பக்கத்துக்குள் போய்விட்டது,
சத்தமில்லாமல்.
செத்தது ஒன்று உள்ளே, இருப்பது ஒன்று வெளியே.
கூட்டினால் கணக்கு சரி.

டோக்கன் தராத பல் டாக்டர், தேவகோட்டை ரஸ்தாவில்.
வருகிற ஒவ்வொருவரும் கேட்பது:
"யாருக்குப் பின்னாடி நான்?"
எனக்குப் பச்சைச் சட்டைக்காரரைக் காட்டினார்கள்.

கன்னத்தைப் பிடித்தபடி
போனிலேயே அந்த ஒரு வரியை மாற்றினேன்:
எத்தனையாவதிலிருந்து என்று கேட்காதே,
யாருக்குப் பின் என்று கேள்.

உள்ளே பச்சைச் சட்டை கத்துவது கேட்டது.
அடுத்தது நான்.