ஒன்பது மணியில் மிக்ஸ்

ஹட்டனில் மழை.
நிஸ்தார் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று பெடல்,
மூன்றும் பாவித்தவை.
நீலத்தில் பதினொரு வகை ரிவேர்ப்.
சாம்பலில் ஷிம்மர், ஒரு நரம்பைத் தொட்டால்
மேல் ஸ்தாயியில் ஒரு தேவாலயமே எழுந்து நிற்கும்.
பச்சையில் இரண்டே குமிழ், பெயின்ட் உரிந்தது,
உள்ளே நிஜமான கம்பிச் சுருள்.

"நீலத்த எடுங்க தம்பி, எல்லாம் இருக்கு."
எல்லாம் இருப்பதுதான் பயம்.
பதினொரு கதவுள்ள வீட்டில்
நான் வாசலிலேயே நின்றுவிடுவேன்.

பக்கத்தில் நின்ற கொழும்புப் பையன் சிரித்தான்:
ஒங்களுக்குத்தான் மலை இருக்கே, பெடல் எதுக்கு?
அவன் பனி நாளில் இங்கே கூப்பிட்டுப் பார்த்ததில்லை.
இடுப்பளவு தேயிலை, அதன்மேல் பனி.
மலை வாங்கிக்கொள்ளும்.
திருப்பித் தந்ததாய்க் கணக்கில்லை.

நீலத்தில் ஹோல் என்று ஓர் இடம். குமிழை அங்கே வைத்தேன்.
எந்த ஹோல்?
எனக்குத் தெரிந்தது ஸ்டோரின் மேல்மாடி, கொழுந்து வாட்டும் இடம்.
அங்கே நான் எலக்ட்ரீசியன்.
இரவு ஷிப்டில் விசிறிகள் முனகும்,
ஜி சுரத்துக்கு மயிரிழை மேலே.
கிட்டாரை அதற்கே சுருதி சேர்த்திருக்கிறேன்.
ஒரு ஞாயிறு, விசிறி நின்ற பிறகு
காலித் தொட்டிகளுக்கு நடுவே ஒரு தட்டுத் தட்டினேன்.
மூன்று விநாடி நின்றது.
இலை நிரம்பிய திங்களன்று அதே தட்டு
பஞ்சில் விழுந்த காசு.
அப்படியானால் ஹோல் என்பது கட்டடமா, இலையா?
நிஸ்தாரிடம் கேட்கவில்லை.

பச்சையை எடுத்தேன்.
அக்காவின் கணக்கில் பதினாறு முழுப்பேர்.
அக்கா கேட்கவே இல்லை.
நானே பெருக்கிப் பார்த்து
நானே வாயை மூடிக்கொண்டேன்.

காம்பராவில் கொடி நிறைய ஈரத்துணி, மூலையில் மா மூட்டை.
சத்தம் பிறந்த இடத்திலேயே சாகும்.
குமிழைத் திருப்ப, சுவர் ஒரு முழம் பின்னே போனது.
இன்னும் திருப்ப, சுவரே இல்லை,
அதற்கப்பாலிருந்து ஒரு குரல் மட்டும்:
"யார்ரா அது, டேங்குக்குள்ள?"

டிஸ்டோர்ஷனுக்கு முன்னால் மாட்டினால் சேறு.
பின்னால் மாட்டினால் மழை.
இதைக் கண்டுபிடிக்க இரண்டு கிழமை.
அடப்டர் இரைந்தது; எர்த் கொடுத்தேன், அது என் தொழில்.

நோர்வூட்டில் கல்யாணம்.
தகரக் கூரை, சிமெந்துத் தரை, ஆளில்லாத மண்டபம்.
பேஸைத் தூக்கிக்கொண்டு டெரன்ஸ் கத்தினான்:
"மச்சான், நீ நேத்து வாசிச்சது இப்பதான் வருது!"
முழுதும் அணைத்தேன். மண்டபமே போதும்.
பிறகு ஆட்கள் வந்தார்கள்,
முந்நூறு சேலை, கோட்டு, ஸ்வெட்டர், தூங்கும் பிள்ளைகள்.
சத்தம் வறண்டது.
ஒன்பது மணிக்குத் திருப்பினேன், அவ்வளவுதான்.
இருப்பது தெரியக் கூடாது,
எடுத்தால் எதுவோ குறைய வேண்டும்.

நான்காம் பாட்டில் கூரைமேல் மழை.
மூன்று மணிக்குத் திருப்பினேன், ஐந்துக்கும்.
மழைக்குப் பதில் சொல்லும் குமிழ் இல்லை.
யோகேஸ் பாடுவது அவள் வாயசைவில்தான் தெரிந்தது.
அப்புறம் கரண்ட் போனது.
கடைசி ஸ்வரம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது,
பாதிப் படியில் காணாமல் போனது.
இருட்டில் யாரோ கைதட்டினார்கள்,
பாட்டு முடிந்ததென்று நினைத்து.

திரும்பும்போது வேனில் பெடல் மடியில்,
எதிலும் மாட்டாமல்.
டெரன்ஸ் வாய் திறந்து தூங்குகிறான்.
ஒவ்வொரு குழியிலும் பெட்டிக்குள் சுருள் அதிர்கிறது,
கிளாங் என்று, மிகச் சின்னதாக,
அம்ப் இல்லாமல்.
கிட்டார் பின்சீட்டில், உறைக்குள்.
இது எதன் ரிவேர்ப் என்று யோசித்துக்கொண்டே வருகிறேன்.
அடுத்த வளைவில் குழி இல்லை.
டிரைவரிடம் சொல்ல முடியுமா,
கொஞ்சம் ஓரமாய் ஓட்டுங்கள் என்று.