செக்கிங் டேபிள்

பல்லடம் ரோட்டுக் கம்பெனியில்
ஒன்பது வருசமாய் எனக்கு
வெள்ளை பனியனில் குறை தேடும் வேலை.
எண்ணெய்க் கறை, விட்ட தையல், நீட்டிய நூல்.

போன மாசம் ஒரு பெட்டியில்
நீள முடியொன்று கப்பலேறிப் போய்விட்டதாம்.
"யாருதுங்க இது?" என்றார் நாச்சிமுத்து.
எல்லோரும் கொண்டையைத் தொட்டுப் பார்த்தார்கள்.
என்னுடையது
ரப்பர் பேண்டுக்கே நாலு சுற்று வேண்டும்.

கழுத்துக் கறுப்புக்குக்
கவரிங் செயினைக் குற்றம் சொன்னேன்.
எலுமிச்சை தேய்த்தேன்; எரிந்தது,
வெளுக்கவில்லை.
தாடையில் முளைத்ததை மட்டும்
நூல் வெட்டும் ட்ரிம்மரால்,
பாத்ரூமில்,
கலாமணி வாசலில் காவல் நிற்க.

நாலு மாசம் வராமலிருந்து
ஷிப்மெண்ட் அன்று கொட்டியதையும்
அவளிடம்தான் சொன்னேன்.
டைரியில் ஓவர்டைம் கணக்கு
ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார்.
"அழுக்கில்லைங்க அம்மணி, இன்சுலின்.
தலைமுடி, தாடை, மாசக் கணக்கு
எல்லாம் ஒரே நூல்ல கோத்ததுதான்."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எத்தனை எலுமிச்சை!

ஸ்கேனில் சினைப்பை,
ஓரம் முழுக்கப் பட்டன் தைத்தது போல.
"குழந்தை நிக்குமாங்க?" என்றேன்.
"நிக்காதுன்னு யாரு சொன்னா?
நடங்க. தூங்குங்க. மாத்திரையை விடாதீங்க."

எங்கள் டேபிளில் மூன்று கூடை.
பாஸ், ஆல்ட்டர், ரிஜெக்ட்.
இத்தனை நாள்
என்னை எதில் போட்டிருந்தேன் என்று
பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

இன்று பதினோரு மணிக்கு
பன் வேண்டாம், சர்க்கரையில்லாமல் ஒரு டீ.
வேப்பங்காய்க் கசப்பு.
டீக்காரப் பையன் கேட்கிறான்,
"ஏனுங்க்கா, ஊட்ல சண்டைங்களா?"