ஐம்பத்து நான்கு லிட்டர்

வார்தோவில் காலை ஏழிலிருந்து மூன்று வரை
காட் மீன் பிளக்கிறேன்.
கையுறை போட்டும் நாறுகிற விரல்களோடு
சனிக்கிழமை பஸ் ஏறி
கிர்க்கனெஸ் கடையில் கேட்டேன்:
"ஒரு தங்கமீன், ஒரு கண்ணாடிக் கிண்ணம். போதும்."

டோர்லைஃப் சிரிக்கவில்லை.
முழங்கை முதல் மணிக்கட்டு வரை தொட்டுக் காட்டினான்:
"இவ்வளவு வளரும்."
அந்த அளவு எனக்குத் தெரியும்.
அரைக் கிலோ. இரண்டு துண்டு.

ஜன்னலோர மேசையில் அறுபது சென்டிமீட்டர்தான் மிச்சம்,
ரொட்டிப் பெட்டியை நகர்த்தினால்.
அதற்கேற்ற தொட்டி தந்தான், ஹீட்டரும்.
"எம்பர் டெட்ரா எட்டு. தனியாக விட்டால் பயந்து சாகும்.
ஒரு டஜன் கேட்காதே."

அப்போதும் மீன் தரவில்லை.
தண்ணீர் பழக வேண்டுமாம், ஐந்து வாரம்.

சூரியன் எழாத மாதம் அது.
வெறும் தண்ணீருக்கு விளக்குப் போட்டு
எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.
"மீன் எங்கேடி?" என்பாள் யூர்கிதா.
"இன்னும் ஊறுகிறது."

நேற்று எட்டும் வந்தன.
சுண்டுவிரலில் பாதிகூட இல்லை;
ஊதினால் சிவக்கும் கங்குத் துணுக்குகள்.
என் கத்திக்கு இவை அகப்படாது.

மூன்று முறை கை கழுவி மூடியைத் திறந்தேன்.
எட்டும் விரலடிக்கே வந்தன,
யார் கையென்று கேட்காமல்.